அணைத்தபின் விழிக்கும் கணினி

நுழையும்முன்

கருவி ஒன்று எதிர்பாராத வகையில் இயங்கும்போது முதலில் வியப்பும் பின்னர் அச்சமும் தோன்றுகின்றன. அவற்றைக் கடந்து காரணத்தைத் தேடுவதே அறிவியல் மனப்பான்மை. முறைப்படி அணைக்கப்பட்ட கணினி எவரும் தொடாமலே மீண்டும் இயங்கத் தொடங்குவது ஏன்? லினக்ஸ் இயங்குதளத்தின் துணைகொண்டு அதன் காரணத்தை எவ்வாறு கண்டறியலாம்? இவ்வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தருகிறது.

அணைதலும் ஆறுதலும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள விருத்தாசலம், தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் பாடப்பெற்ற பழம்பதி. இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பீங்கான் தொழிலும் நினைவுக்கு வருகிறது. செராமிக் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசு நிறுவனமும் அங்கு உள்ளன. பொம்மைகள் முதல் மின்சாரப் பியூஸ் கட்டைகள் வரை பலவகைப் பொருள்கள் அவ்வூர்ச் சூளைகளில் சுடப்பட்டுள்ளன.

சூளையில் பணிபுரிவோர் இரு சொற்களைக் குழப்பிக்கொள்வதில்லை. ஒன்று ‘அணைந்தது’, மற்றொன்று ‘ஆறியது’. தீ நின்ற பின்னரும் சூளையின் உட்புறம் நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்பதற்காக உடனே கதவைத் திறந்தால், குளிர்ந்த காற்று பட்டுப் பொருள்கள் விரிசல் விடும். திறந்தவருக்கும் தீக்காயம் நேரும். கணினியை அணைப்பதிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘அணைக்கப்பட்டது’ வேறு, ‘மின்சாரம் அற்றது’ வேறு. இவ்வேறுபாட்டை அறியாதவருக்கு, தானே விழிக்கும் கணினி மாயமாகத் தோன்றும். அறிந்தவருக்கோ அது விடை காணத்தக்க ஒரு வினா.

பள்ளிக்கு வந்த லினக்ஸ்

பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டார். இயங்குதளத்தின் மையப் பகுதியே கருவகம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அது மாணவர்களின் வீடுகளுக்குள் நுழைந்தது. கணினியைப் பயன்படுத்துவோர் பெருகியபோது, அது பழுதுபட்டால் காரணம் அறிய வேண்டியோரும் பெருகினர். அதற்கு ஏற்ற கருவிகள் லினக்ஸிலேயே அமைந்துள்ளன.

பொத்தான் விடுக்கும் வேண்டுகோள்

பழைய மேசைக்கணினிகளில் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ இருந்த தடித்த சுவிட்சு, மின்சாரத்தை நேரடியாகத் துண்டித்தது. அதனை அணைத்தால் கணினியின் உள்ளே மின்னோட்டம் பாய வழியில்லை. 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வடிவமைப்பு இந்நிலையை மாற்றியது. அவ்வடிவமைப்பில் முன்புறப் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. இயக்குமாறோ அணைக்குமாறோ தாய்ப்பலகைக்கு வேண்டுகோள் மட்டுமே விடுக்கிறது.

அவ்வேண்டுகோளைக் கேட்பதற்குத் தாய்ப்பலகையின் ஒரு பகுதி எப்போதும் விழித்திருத்தல் வேண்டும். ஆகவே சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், மின்வழங்கி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்கு இடைவிடாது வழங்குகிறது. வழக்கமாக ஊதா நிறக் கம்பி இதனைக் கொண்டுசெல்லும். அணைந்த கணினியின் பின்புறத்தில், பிணைய வடம் செருகிய இடத்தில் சிறு விளக்கு ஒளிர்வதைப் பலர் கண்டிருக்கலாம். காத்திருப்பு மின்சாரத்துக்கு அதுவே கண்கண்ட சான்று.

1996ஆம் ஆண்டு இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் இணைந்து ஏசிபிஐ என்னும் மின்மேலாண்மை விதிமுறையை வெளியிட்டன. அது கணினியின் நிலைகளை வரிசைப்படுத்தியது. எஸ்-0 என்பது முழு இயக்கம். எஸ்-3 என்பது நினைவகம் மட்டும் உயிர்ப்புடன் இருக்கும் உறக்கம். எஸ்-4 என்பது நினைவகத்தில் உள்ளவற்றை வட்டில் எழுதிவைத்து உறங்கும் நிலை. எஸ்-5 என்பது நாம் ‘அணைத்தல்’ என அழைக்கும் நிலை. இவற்றுக்கும் அப்பால், மின்சாரமே அற்ற நிலை ஒன்றும் உண்டு. அது மின்செருகியைப் பிடுங்கினாலோ மின்வழங்கியின் சுவிட்சை அணைத்தாலோதான் வாய்க்கும்.

எஸ்-5 நிலையில் செயலி நின்றுவிடும், நினைவகம் வெறுமையாகிவிடும். ஆயினும் காத்திருப்பு மின்சாரத்தால் சில உறுப்புகள் விழித்திருக்கும். அவற்றுக்குக் கணினியை எழுப்பும் உரிமையும் அளிக்கப்பட்டிருக்கலாம்.

எழுப்புவோர் எவர்?

கணினியை எழுப்பக்கூடியவற்றை ஐந்தாக வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, திரும்பி வரும் மின்சாரம். மின்தடைக்குப் பின் மின்சாரம் மீண்டால் கணினி என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பயாஸ் மென்பொருளில் ஓர் அமைப்பு உண்டு. ‘அணைந்தே இரு’, ‘இயங்கு’, ‘முன்பிருந்த நிலைக்குத் திரும்பு’ என மூன்று தெரிவுகள் பெரும்பாலும் இருக்கும். நாள்முழுவதும் இயங்க வேண்டிய சேவையகங்களுக்கு இரண்டாம் தெரிவு இன்றியமையாதது. ஆனால், அதே தெரிவு பள்ளிக் கணினியில் அமைந்துவிட்டால், நள்ளிரவில் மின்தடை ஏற்பட்டு நீங்கும்போதெல்லாம் கணினி விழித்தெழும்.

இரண்டாவது, கடிகாரம். தாய்ப்பலகையின் நிகழ்நேரக் கடிகாரத்தில் எழுப்பும் மணியை அமைக்கலாம். குறித்த நேரம் வந்ததும் அது கணினியை இயக்கும்.

மூன்றாவது, பிணையம். தொலைவிலுள்ள கணினியை வலைப்பின்னல் வழியாக எழுப்பும் வசதிக்கு ‘வேக் ஆன் லேன்’ என்று பெயர். இதற்கென அனுப்பப்படும் செய்தியில் 255 என்னும் மதிப்புடைய பைட்டுகள் ஆறும், அவற்றைத் தொடர்ந்து உரிய கணினியின் ஆறு பைட்டு வன்பொருள் முகவரி 16 முறையும் இடம்பெறும். இந்த 102 பைட்டுகளைக் கண்டவுடன் பிணைய அட்டை கணினியை எழுப்பும்.

நான்காவது, விசைப்பலகையும் சுட்டியும் பிற யுஎஸ்பி கருவிகளும். ஒரு விசையை அழுத்தினாலே இயங்குமாறு சில கணினிகளை அமைக்க இயலும்.

ஐந்தாவது, வன்பொருள் பழுது. சிக்கிக்கொண்ட பொத்தான், தளர்ந்த இணைப்பு, வலுவிழந்த மின்வழங்கி ஆகியவை தவறான வேண்டுகோளை எழுப்பக்கூடும்.

முதல் நான்கும் மனிதரின் வசதிக்காகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். தானே இயங்கும் கணினியைக் கண்டவுடன் நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று கருதுவோர் பலர். அணைந்த நிலையில் எந்த நிரலும் செயலியில் ஓடுவதில்லை. ஆகவே, எழுப்பும் உரிமை பெற்ற உறுப்புகளையே முதலில் ஆராய்தல் முறை.

காலமே முதற்சான்று

மருத்துவர் நோயாளியிடம் காய்ச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்பார். கணினியைப் பற்றியும் அதே வினாவை எழுப்ப வேண்டும். அணைத்த சில நொடிகளிலேயே விழித்தால், யுஎஸ்பி கருவியோ அதன் இயக்கியோ காரணமாகலாம்; அணைப்பதற்கு மாறாக மறுதொடக்கமும் நிகழ்ந்திருக்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் விழித்தால் கடிகாரத்தை ஐயுற வேண்டும். மின்தடை நீங்கும்போது விழித்தால் பயாஸ் அமைப்பை ஆராய வேண்டும். நேர ஒழுங்கின்றி, பிணைய வடம் செருகியிருக்கும்போது மட்டும் விழித்தால் பிணைய அட்டையை நோக்க வேண்டும்.

நேரத்தை அறிய இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருக்கத் தேவையில்லை. லினக்ஸ் தன் தொடக்கத்தையும் முடிவையும் தானே பதிவேட்டில் எழுதிவைக்கிறது. ‘லாஸ்ட்’ என்னும் கட்டளை, கணினி தொடங்கிய நேரங்களையும் பயனர் நுழைந்த நேரங்களையும் பட்டியலிடும். ‘ஜர்னல்சிடிஎல்’ என்னும் கட்டளை ஒவ்வொரு தொடக்கத்துக்கும் உரிய விரிவான பதிவைக் காட்டும். முந்தைய பதிவின் இறுதி வரிகளை ஊன்றிப் படித்தல் வேண்டும். சேவைகள் ஒவ்வொன்றாக நின்று, இறுதியில் அணைப்புக் குறிப்பு இடம்பெற்றிருந்தால் கணினி முறையாக அணைந்தது என்பது உறுதி. மறுதொடக்கக் குறிப்பு இருந்தால், அணைப்பதற்கு மாறாக மறுதொடக்கக் கட்டளை இடப்பட்டிருக்கிறது. பதிவு இடையிலேயே அறுந்திருந்தால் மின்சாரம் போயிருக்கலாம். கணினி செயலிழந்தும் இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள். அவற்றுக்குரிய தீர்வுகளும் வெவ்வேறு.

ஒன்றை மட்டும் மாற்றுக

பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தில், மாலை 4.30 மணிக்கு அணைத்த கணினி காலையில் இயங்கிக்கொண்டிருக்கிறது எனக் கொள்வோம். முறையாக அணைந்ததைப் பதிவேடு உறுதிசெய்கிறது. விழித்த நேரமோ நாளுக்கு நாள் மாறுகிறது. அவ்விரவுகளில் மின்தடையும் இல்லை. இந்நிலையில் பிணைய வடத்தின்மீது ஐயம் எழுகிறது.

முதல்நாள் மாலை பிணைய வடத்தை மட்டும் கழற்றிவிட்டு, மற்ற அனைத்தையும் இருந்தவாறே விடுதல் வேண்டும். அன்றிரவு கணினி விழிக்கவில்லை எனில் ஐயம் வலுப்பெறுகிறது. ஆனால், ஓரிரவு அமைதியாகக் கழிந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே அடுத்தநாள் வடத்தை மீண்டும் செருகிப் பார்த்தல் வேண்டும். பழுது திரும்பி வந்தால், இச்சோதனையைப் பலமுறை செய்தும் இதே விளைவு கிடைத்தால், காரணம் ஏறத்தாழ உறுதியாகிவிட்டது எனலாம். வடத்தையும் விசைப்பலகையையும் ஒரே நாளில் கழற்றி, பயாஸ் அமைப்பையும் மாற்றியிருந்தால் பழுது நீங்கியிருக்கக்கூடும். எதனால் நீங்கியது என்பது தெரியாமலே போயிருக்கும்.

காரணம் தெரிந்தபின் தீர்வு எளிது. ‘எத்டூல்’ என்னும் கட்டளை பிணைய அட்டையின் எழுப்பும் உரிமையைக் காட்டும். ‘வேக்-ஆன்’ என்னும் வரியில் ஆங்கில ‘ஜி’ எழுத்து இருந்தால், முன்னர்க் கூறிய 102 பைட்டுச் செய்திக்கு அது விழிக்கும் என்பது பொருள். அதே கட்டளையால் அதனை ‘டி’ என மாற்றினால் உரிமை நீங்கும். இம்மாற்றம் அடுத்த தொடக்கத்தில் மறைந்துவிடக்கூடும். ஆதலால் பிணைய அமைப்புக் கோப்பிலோ பயாஸிலோ அதனை நிலைப்படுத்துதல் வேண்டும்.

பிற காரணங்களுக்கும் உரிய வழிகள் உண்டு. லினக்ஸின் ‘ப்ராக்’ கோப்பகத்தில், ‘ஏசிபிஐ’ என்னும் உட்கோப்பகத்தின்கீழ் ‘வேக்கப்’ என்னும் கோப்பு உள்ளது. கணினியை எழுப்பக்கூடிய உறுப்புகளின் பெயர்களையும், எந்த ஆழ்நிலை வரையில் அவை எழுப்ப இயலும் என்பதையும், அவ்வுரிமை தற்போது இயங்குநிலையில் உள்ளதா என்பதையும் அக்கோப்பு வரிவரியாகக் காட்டும். ஓர் உறுப்பின் பெயரை அதில் எழுதினால் அதன் உரிமை நீங்கும். மீண்டும் எழுதினால் திரும்ப வந்துவிடும். கடிகாரத்துக்குரிய கோப்பு ‘வேக்அலாரம்’. அதில் சுழியத்தை எழுதினால் எழுப்பும் மணி நீங்கும். பயாஸிலும் கடிகார மணி அமைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் நன்று.

முன்பு சரிசெய்த பயாஸ் அமைப்பு தானே மாறிவிட்டால், தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலத்தை நோக்க வேண்டும். அது தீர்ந்த நிலையில் சுவர் மின்சாரமும் நின்றால், அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பக்கூடும். கணினியின் நாளும் நேரமும் தவறாகக் காட்டப்படுவது அதற்குரிய அறிகுறி.

தெரியுமா?

அணைந்த கருவிகள் வீணாக்கும் மின்சாரத்தைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்தது. அணைந்த நிலையில் வீட்டு, அலுவலகக் கருவிகள் 2010 முதல் 1 வாட்டுக்கும், 2013 முதல் அரை வாட்டுக்கும் மேல் மின்சாரம் எடுக்கலாகாது என்பது அவ்விதி. பல தாய்ப்பலகைகளின் பயாஸில் காணப்படும் ‘இஆர்பி’ என்னும் அமைப்பு இதன் பொருட்டு உருவானது. அதனை இயக்கினால் எழுப்பும் வசதிகளுட் பல தாமே நின்றுவிடும்.

திருத்தமே பழுதான கதை

2013ஆம் ஆண்டு, இன்டெல் நிறுவனத்தின் ஹாஸ்வெல் தலைமுறைக் கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் பயனர்கள் வியத்தகு குறை ஒன்றைக் கண்டனர். அணைத்தபின் அவை சிற்சில வேளைகளில் தாமே விழித்தன. லினக்ஸ் கருவகத்தின் உருவாக்குநர்களுள் ஒருவரான டகாஷி இவாய், பயாஸ் பொறியாளர்களுடன் கலந்து காரணத்தைத் தேடினார். கணினி அணையுமுன் எழுப்பும் உறுப்புகளின் குறிப்புகள் நீக்கப்பட்டு, அவ்வுறுப்புகள் ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும் எனப் புதிய பயாஸ் எதிர்பார்த்தது. லினக்ஸின் யுஎஸ்பி 3.0 இயக்கி அதனைச் செய்யாமல் விட்டிருந்தது. ஆலிவர் நியூகம் என்பவர் முதலில் எழுதிய திருத்தத்தையும் பயன்படுத்தி, அணையும் வேளையில் அவ்வுறுப்பை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தும் திருத்தத்தை இவாய் வழங்கினார். அது கருவகத்தில் சேர்க்கப்பட்டது.

சிக்கல் அத்துடன் முடியவில்லை. அதுவரை ஒழுங்காக அணைந்துகொண்டிருந்த வேறு சில கணினிகள், இத்திருத்தத்துக்குப் பின் அணைய மறுத்துத் தாமே மறுதொடக்கம் செய்தன. ஒருபுறத்துக் குறையைக் களைந்த மருந்து, மறுபுறத்தில் வேறொரு பயாஸ் குறையைக் கிளறிவிட்டிருந்தது. முதற்குறை எச்பி நிறுவனக் கணினிகளில் மட்டுமே உறுதிசெய்யப்பட்டிருந்தமையால், திருத்தத்தையும் அக்கணினிகளுக்கு மட்டும் உரியதாகச் சுருக்கினார் இவாய். இம்மாற்றமும் அதற்கான காரணமும் கருவகத்தின் பொதுப் பதிவில் இடம்பெற்றுள்ளன.

ஒரே தலைமுறைச் செயலி; ஒரே இயங்குதளம்; ஆயினும் பழுதும் தீர்வும் கணினிக்குக் கணினி மாறின. ஓரிடத்தில் பயன்பட்ட தீர்வைக் காரணம் ஆராயாமல் வேறிடத்தில் பொருத்தினால், நலமாக இருந்ததும் பழுதாகக்கூடும். நோயையும் அதன் முதற்காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் எனத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வலியுறுத்துகிறது. கணினிப் பழுதுக்கும் அந்நெறி பொருந்துகிறது.

பாதுகாப்பே முதன்மை

தானே விழிக்கும் கணினியைச் சிறு தொல்லை என்று ஒதுக்குதல் தகாது. ஆளில்லாத ஆய்வகத்தில் இரவெல்லாம் கணினி இயங்குவதால் மின்சாரம் வீணாகிறது, வெப்பம் பெருகுகிறது. பைக்குள் வைத்த மடிக்கணினி விழித்துக்கொண்டால் காற்றோட்டமின்றிச் சூடேறும், மின்கலமும் வடிந்துவிடும். இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. கணினி அணைந்துவிட்டது என்று நம்பிப் பெட்டியைத் திறந்து கைவைக்கும்போது அது விழித்தால், விசிறி விரலைக் காயப்படுத்தும். நினைவகத்தைக் கழற்றும் வேளையாயின் உறுப்புகள் பழுதாகும்.

ஆகவே பெட்டியைத் திறக்குமுன் கணினியை முறையாக அணைத்து, மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்குதல் வேண்டும். பின்னர் முன்புறப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால், எஞ்சிய மின்னேற்றத்தின் பெரும்பகுதி வடியும். தாய்ப்பலகையில் ஒளிரும் சிறு விளக்கும் அணைந்ததை உறுதிசெய்த பின்னரே உள்ளே கைவைக்கலாம். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எந்நிலையிலும் திறத்தல் கூடாது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும்.

நாள்தோறும் சுவர்ச் சுவிட்சையும் அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். முறைப்படி அணைந்தபின் அவ்வாறு செய்வது நல்ல பழக்கமே, மின்சாரமும் மிஞ்சும். ஆனால், மின்சாரம் மீண்டவுடன் இயங்குமாறு பயாஸ் அமைந்திருந்தால், காலையில் சுவிட்சைப் போட்டவுடன் கணினி விழித்துவிடும். கணினி இயங்கும்போதே சுவரில் மின்சாரத்தை நிறுத்தினாலோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகள் சிதையும்.

பழுதைத் தீர்த்தபின் எஞ்சுவது ஒரு சிறு கடமை. எந்த நாளில், எந்த நேரத்தில் கணினி விழித்தது, எது மட்டும் மாற்றப்பட்டது, என்ன விளைந்தது, இறுதியில் எந்த அமைப்பு எவ்வாறு நிலைப்படுத்தப்பட்டது என்பவற்றை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அதே கணினியின் முன் அமரும் மாணவர், முதலிலிருந்து தொடங்காமல் அக்குறிப்பிலிருந்து தொடங்குவார்.

கற்பவை கற்றபின்...

1. ‘அணைக்கப்பட்டது வேறு, மின்சாரம் அற்றது வேறு’ – இக்கூற்றை வீட்டிலுள்ள தொலைக்காட்சி, கைப்பேசி மின்னேற்றி ஆகியவற்றோடு பொருத்தி வகுப்பில் கலந்துரையாடுக.

2. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையுடன் ‘லாஸ்ட்’ கட்டளையை இயக்கி, ஒரு வாரத்தில் கணினி தொடங்கிய நேரங்களை அட்டவணைப்படுத்துக.

3. வீட்டில் பழுதான கருவி ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய காரணங்களை வகுத்து, ‘ஒன்றை மட்டும் மாற்றுக’ என்னும் முறையில் சோதனைத் திட்டம் ஒன்றை எழுதுக. மின்கருவியாயின் திட்டத்தை எழுதுவதோடு நிறுத்திக்கொள்க.